பிள்ளைக்கு முட்டு, அதனால் வந்துவிட்டோம்

மதிப்புக்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

நான் யாழ்ப்பாணத்தில் வசிக்கும் ஓர் ஊழியக்காரரின் மனைவி. என் பெயரை வெளியிட வேண்டாம்.

என் கணவரும் நானும் 2012இல், மீள்குடியேற்றம் நடந்து சிறிது காலத்தில், மாங்குளத்தில் ஏ-9 வீதியை விட்டு மேற்கே திரும்பி மல்லாவியையும் தாண்டிப் போகவேண்டிய ஒரு சின்னக் கிராமத்துக்கு ஊழியத்துக்காகச் சென்றோம். மகள் அப்போது கைக்குழந்தை. அங்கிருந்தவர்களில் பாதிப் பேர் 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள்; யுத்தத்தில் எல்லாவற்றையும் இழந்து மறுபடியும் தறப்பாள் கொட்டிலில் வாழ்க்கையைத் தொடங்கியவர்கள். ஒரு நாளைக்கு ஒரு பஸ்தான் வரும், மாரியில் அதுவும் வராது. இரவில் யானை வந்து வாழைகளை முறித்துவிட்டுப் போகும். பின்னேரங்களில் எங்கள் விறாந்தையில் பிள்ளைகளுக்கு வகுப்பு வைத்தோம், ஞாயிறு ஆராதனையும் அதே விறாந்தையில்தான் நடந்தது. எட்டு வருடம் அந்தச் சனத்துக்காகவே இருந்தோம்.

2020 மார்ச் 20ஆம் திகதி பின்னேரம் நாடு முழுவதும் ஊரடங்கு போட்டார்கள். அதற்கு முந்திய கிழமைதான் என் கணவர் ஒரு கூட்டத்துக்காக யாழ்ப்பாணம் போய்த் திரும்பியிருந்தார். அரியாலையில் சுவிற்சர்லாந்திலிருந்து வந்த போதகர் ஒருவர் ஆராதனை நடத்தியதும், அவருக்குக் கொவிட் தொற்று இருந்தது பின்னர் தெரியவந்ததும், அங்கே போனவர்களைத் தேடித் தேடித் தனிமைப்படுத்தியதும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். என் கணவர் அந்தப் பக்கமே போகவில்லை. ஆனால் யாழ்ப்பாணம் போய்வந்த பாஸ்டர் என்பதே ஊருக்குப் போதுமாக இருந்தது. சுகாதாரப் பரிசோதகர் வந்து எங்கள் படலையில் அறிவித்தல் ஒட்டினார். எங்களிடம் எழுத்துப் படித்த பிள்ளைகள் படலையைக் கடக்கும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். அந்த அறிவித்தல் இருந்த நாட்களில் ஓர் இரவு மகளுக்கு முட்டு, அதாவது ஆஸ்துமா இழுப்பு, வந்துவிட்டது, வாயில் வைத்து இழுக்கும் மருந்துப் பம் முடிந்துபோயிருந்தது, எங்களுக்கு வெளியே போக அனுமதி இல்லை. முன்வீட்டு அக்காவும் அவருடைய மகனும்தான் மோட்டார் சைக்கிளில் பிள்ளையை மல்லாவி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள். மற்றச் சனம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மே மாதம் மிஷன் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பணித்தளங்களில் பிள்ளைகளோடு இருக்கும் குடும்பங்கள் யாவும் உடனே திரும்பவேண்டும் என்று அதில் இருந்தது. எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊரடங்கில் பயணம் செய்வதற்கான பாஸ் கிடைத்ததும் விடிய நாலு மணிக்கு வான் வந்தது, ஊர் எழும்புவதற்கு முன்பே புறப்பட்டுவிட்டோம். சில மாதங்களில் திரும்பிப் போவோம் என்றுதான் நினைத்தோம். 2021இல் மறுபடியும் பயணத்தடை, 2022இல் பெற்றோலுக்கு வரிசை, கடைசியில் பணம் இல்லை என்று சொல்லி அலுவலகம் அந்தத் தளத்தையே மூடிவிட்டது. அதற்கும் எங்களைக் கேட்கவில்லை.

இப்போது கணவரின் தாயார் வீட்டில் இருக்கிறோம். மாமி வாய் திறந்தால், “எட்டு வருஷம் காட்டில இருந்து என்ன கண்டீங்கள்?” என்பார். என் அம்மா சில்லாலைப் பக்கத்துக் கத்தோலிக்கர். புனித யோசப் வாஸ் கண்டியில் அம்மை நோய் பரவியபோது எல்லோரும் ஓட, தான் ஓடாமல் நின்று நோயாளிகளைப் பார்த்த கதையை எனக்கு முன்னால் வேண்டுமென்றே என் மகளுக்குச் சொல்கிறார். சபையில் வன்னியைச் சேர்ந்த ஒருவர், “2008இல வெள்ளை வாகனங்கள் எல்லாம் எங்களை விட்டிட்டுப் போனது, பிறகு நீங்களும் போனீங்கள்” என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னார். நான் ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டேன்: பிள்ளைக்கு முட்டு, அதனால் வந்துவிட்டோம், வேறு என்ன செய்வது? பெற்ற தாய் வேறு என்ன செய்வாள்? அதற்குப் பிறகும் ஏன் விடமாட்டேன் என்கிறார்கள்?

அலுவலகமும் ஒரு நன்றி சொல்லவில்லை. என் கணவர் இப்போது ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார், அந்த ஊரின் பெயரைக்கூட உச்சரிப்பதில்லை. இரவில் நான் கதைக்கத் தொடங்கினால் எழும்பி முற்றத்துக்குப் போய்விடுவார். மாமியின் வீட்டில் எங்களுக்கென்று ஒரு மூலைகூட இல்லை, மகளும் மாமியின் அறையில்தான் படுக்கிறாள் (அவளுக்கு இப்போது பதின்மூன்று வயது, முட்டு முன்போல வருவதில்லை, வந்தாலும் எங்களுக்குச் சொல்வதில்லை, போன கிழமை தலையணை உறையை மாற்றும்போது அதற்குள் நீலப் பம் இருந்தது, ஏன் ஒளித்து வைத்தாய் என்று கேட்டதற்கு “சொன்னால் பிறகு என்னாலதான் எண்டு சொல்லுவீங்கள்” என்றுவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டாள், இந்த வயதுப் பிள்ளைகள் அப்படித்தான் எடுத்தெறிந்து பேசும்). ஆனால் என் வேதனை அதுவல்ல. எட்டு வருடம் உழைத்த இடத்திலிருந்து ஒருவரும் எங்களைத் தேடவில்லை, அனுப்பியவர்களும் தேடவில்லை, இங்கே இருப்பவர்கள் ஏளனமாகப் பார்க்கிறார்கள் என்பதுதான்.

மாமிக்கு நான் என்ன பதில் சொல்வது? என் கணவரை எப்படிப் பேச வைப்பது? நாங்கள் அங்கேயே இருந்திருக்க வேண்டுமா?

இப்படிக்கு,
வாசகி, யாழ்ப்பாணம்

*

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கேட்ட மூன்று கேள்விகளில் எதிலிருந்தும் நான் தொடங்கப்போவதில்லை. அடைப்புக்குறிக்குள் போட்டு, அது உங்கள் வேதனை அல்ல என்று சொல்லிக் கடந்துபோன அந்தத் தலையணை உறையிலிருந்து தொடங்குகிறேன்.

முதலில் உடம்பைப் பற்றி. நீலப் பம் என்பது முட்டு வந்தபின் மூச்சுக் குழாய்களைத் தற்காலிகமாக விரித்துக் கொடுக்கும் மருந்து. நோயைக் கட்டுப்படுத்தி வைக்கும் மருந்து வேறு. நீலப் பம் ஒரு கிழமையில் இரண்டு தடவைக்கு மேல் தேவைப்பட்டால் நோய் கட்டுப்பாட்டில் இல்லை என்றுதான் வைத்தியர்கள் எடுத்துக்கொள்வார்கள். உங்கள் மகள் எத்தனை தடவை எடுக்கிறாள் என்பது இப்போது அவளைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. முட்டு குறைந்துவிட்டது என்று எழுதுகிறீர்கள். உங்கள் காதுக்கு வருவது குறைந்திருக்கிறது என்பதற்கு மட்டுமே உங்கள் கடிதத்தில் சான்று இருக்கிறது. இரவில் மூச்சுத் திணறும்போது யாரையும் எழுப்பாமல் இருட்டில் பம்மைத் தேடும் ஒரு பிள்ளை ஆபத்தில் இருக்கிறாள். இந்தக் கிழமையே அவளைக் கிளினிக்குக் கூட்டிச் செல்லுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

அவள் சொன்ன வாக்கியத்துக்கு வருகிறேன். அதை எடுத்தெறிந்த பேச்சு என்கிறீர்கள். எனக்கு அப்படிப் படவில்லை. உங்கள் வீட்டில் பல வருடங்களாகச் சொல்லப்பட்டு வரும் ஒன்றை அவள் உள்ளபடி திருப்பிச் சொல்லியிருக்கிறாள். மாமி கேட்டாலும் அம்மா குத்தினாலும் சபையில் யாராவது சாடினாலும் உங்களிடமிருந்து வருவது ஒரே பதில்தான்: பிள்ளைக்கு முட்டு, அதனால் வந்துவிட்டோம். அதை நீங்கள் சொல்லும்போதெல்லாம் அந்தப் பிள்ளை வீட்டுக்குள்ளேயே இருந்திருப்பாள். எட்டு வயதில் பிள்ளைகள் தம்மைச் சுற்றி நடக்கும் பெரிய காரியங்களுக்குத் தம்மையே காரணமாக எண்ணிக்கொள்வது வழமை. அப்பா அம்மா சண்டை பிடித்தால் தான் பால் குடிக்காததால்தான் என்று நினைக்கும் வயதிலிருந்து அவர்கள் அப்போதுதான் வெளியேறிக்கொண்டிருக்கிறார்கள். அந்த எண்ணம் பெரியவர்கள் மறுத்தால் கரைந்துவிடும். உங்கள் மகளுக்கு அதை மறுத்துச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. பெற்றவளே அதை உறுதிப்படுத்திக்கொண்டிருந்தார். அப்பா ஊழியத்தை விட்டுக் கணக்கு எழுதப் போனதும், அம்மா அழுவதும், பாட்டி ஏசுவதும் தன் நெஞ்சு இழுத்ததால் வந்த வினை என்று நம்பும் பிள்ளை, நெஞ்சு இழுக்கும்போது அதை மறைக்காமல் என்ன செய்வாள்?

இதில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது, அந்தப் பதில் உண்மையுமில்லை என்பதுதான். உங்கள் கடிதத்தையே திரும்பப் படித்துப் பாருங்கள். பணித்தளங்களில் பிள்ளைகளோடு இருக்கும் குடும்பங்கள் யாவும் திரும்பவேண்டும் என்று அலுவலகம் எழுதியதாக நீங்களே சொல்கிறீர்கள். உங்கள் மகளுக்கு ஒரு தடிமன்கூட வராமல் இருந்திருந்தாலும் அந்த வான் வந்துதான் இருக்கும். திரும்பிப் போகாததற்கும் அவள் காரணமில்லை. பயணத்தடையும் எரிபொருள் தட்டுப்பாடும் அலுவலகத்தின் பண நெருக்கடியும் காரணம் என்று வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். இத்தனை காரணங்களும் உங்கள் கைவசம் இருக்க, கேட்பவர்களுக்கு மட்டும் பிள்ளையின் நோயை ஏன் எடுத்துக் கொடுத்தீர்கள்?

ஏனென்றால் அதை எதிர்த்து யாராலும் பேசமுடியாது. அலுவலகம் சொன்னது, வந்தோம் என்றால், “உங்களுக்கென்று ஒரு மனம் இல்லையா?” என்று கேட்பார்கள். பயமாக இருந்தது, வந்தோம் என்றால், “ஊழியக்காரருக்குப் பயமா?” என்பார்கள். நாங்கள் வளர்த்த பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியதைத் தாங்கமுடியவில்லை என்றால் அதைக் கேட்க இங்கே ஒருவருக்கும் பொறுமை இல்லை. தாய் பிள்ளைக்காக வந்தாள் என்றால் மட்டும் எல்லோரும் வாயை மூடவேண்டும். நீங்கள் கெட்ட எண்ணத்தோடு அப்படிச் செய்யவில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். படலையில் அறிவித்தல் ஒட்டப்பட்ட வீட்டுக்குள் மூச்சுத் திணறும் பிள்ளையோடு ஓர் இரவைக் கழித்த தாய்க்கு, பிறகு வந்த எல்லாமே அந்த இரவாகவே தெரியும். ஆயினும் பெரியவர்கள் தோளில் ஏற்றவேண்டிய பாரத்தைப் பதின்மூன்று வயதுப் பிள்ளையின் தோளில் ஏற்றியிருக்கிறீர்கள். அதை இறக்கி எடுக்கவேண்டியவரும் நீங்கள்தான்.

அந்த இரவைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். தொற்று என்ற பயம் ஊரையே ஆட்டிய நேரத்தில், அறிவித்தல் ஒட்டியிருந்த படலையைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, ஊரடங்கு வேளையில், பொலிஸ் மறிக்கும் என்று தெரிந்தும் உங்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய ஒரு பெண்ணையும் அவர் மகனையும் நீங்கள் இரண்டு வரியில் முடித்துவிட்டு, உடனே மற்றச் சனம் எட்டிப் பார்க்கவில்லை என்ற முறைப்பாட்டுக்குப் போய்விட்டீர்கள். நீங்கள் அந்தச் சனத்துக்காக இருந்ததை எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சனம் உங்களுக்காக இருந்தது உங்கள் கடிதத்தில் அந்த ஓரிடத்தில் மட்டுமே வருகிறது. ஒருவரும் தேடவில்லை என்கிறீர்கள். ஊர் எழும்புமுன் விடிய நாலு மணிக்குப் புறப்பட்டவர்களை அந்த அக்கா எங்கே என்று தேடுவார்? விடிந்து பார்த்தபோது பூட்டிக் கிடந்த வீட்டைக் கண்டு அவர் என்ன நினைத்திருப்பார் என்று நீங்கள் எங்கும் கேட்கவில்லை.

சபையில் அந்த வன்னிக்காரர் சொன்னதை இந்த இடத்தில் வைத்துப் பார்க்கிறேன். 2008 செப்டெம்பரில் அரசாங்கத்தின் உத்தரவால் ஐ.நா.வும் பெரும்பாலான சர்வதேச நிறுவனங்களும் வன்னியை விட்டு வெளியேறியபோது, கிளிநொச்சியில் சனம் அவர்களுடைய வளாகத்துக்கு முன்னால் திரண்டு, போகவேண்டாம் என்று மன்றாடி நின்றது. அதற்குப் பிறகு அந்த மக்களுக்கு நடந்தவை நமக்கெல்லாம் தெரியும். உங்கள் புறப்பாட்டை அதனோடு ஒப்பிட்டது நியாயமில்லை. நீங்கள் போனதால் அங்கே ஒருவருடைய உயிரும் போகவில்லை. ஆனால் சொல்லாமல் புறப்படும் வாகனம் அந்த மண்ணில் எந்தப் புண்ணில் படும் என்பதை அவருடைய சொல்லிலிருந்து நீங்கள் விளங்கிக்கொள்ளலாம். போனீர்கள் என்பதைவிடச் சொல்லாமல் போனீர்கள் என்பதே அவருக்கு வலித்திருக்கும் என்று நினைக்கிறேன். அதற்குப் பிள்ளையின் முட்டு பதிலாகாது.

உங்கள் அம்மாவின் கதைக்கும் ஒரு வார்த்தை. 1697இல் கண்டியில் அம்மை பரவியபோது யோசப் வாஸ் அடிகளார் நின்று நோயாளிகளைப் பராமரித்தது உண்மை. அதே அடிகளார் 1687இல் ஒல்லாந்தருக்குத் தெரியாமல் யாழ்ப்பாணத்துக்கு வந்து உங்கள் அம்மாவின் சில்லாலையில்தான் மறைந்திருந்து பணி செய்தார். ஒல்லாந்தரின் கெடுபிடி முற்றியபோது 1690இல் இங்கிருந்து புத்தளத்துக்குப் போனார். சில்லாலை மக்கள் அவரை ஓடிப்போனவர் என்று சொன்னதில்லை, இன்றுவரை தங்கள் புனிதர் என்றே கொண்டாடுகிறார்கள். ஒரே மனிதர் ஓரிடத்தை விட்டு நீங்கினார், இன்னோரிடத்தில் நின்றார், இரண்டையும் தம் பொறுப்பில் செய்தார். அங்கேயே இருந்திருக்க வேண்டுமா என்ற உங்கள் கேள்விக்கு என்னால் தரக்கூடியது இதுதான்: வந்தது பாவமில்லை, யார் தீர்மானித்து வந்தோம் என்பதை மறைத்ததுதான் உங்கள் வீட்டை இத்தனை வருடம் அரித்திருக்கிறது.

உங்கள் கணவரின் மௌனமும் இதில்தான் முடிச்சுப் போட்டிருக்கிறது என்று ஊகிக்கிறேன். அவர் வாய் திறந்து, “நான்தான் சரி என்று தலையாட்டினேன், எனக்கும் அங்கே களைத்துவிட்டது” என்று சொன்னால், நீங்கள் ஊருக்குச் சொல்லிவரும் பதில் உடைந்துவிடும். பிள்ளையின் நோயைக் குறை சொல்லவும் அவருக்கு மனம் வராது, உங்களைப் பொய்யாக்கவும் வராது. ஆகவே முற்றத்துக்குப் போகிறார். அவரைப் பேச வைக்கும் வழி கேட்டீர்கள். அவர் அதை வேறு மாதிரிச் சொல்வதற்கு நீங்கள் இடம் விடுங்கள்.

மகளோடு பேசும்போது கணவரும் பக்கத்தில் இருக்கட்டும். நீளமாகப் பேசவேண்டாம், அழுது அவளை உங்களுக்கு ஆறுதல் சொல்ல வைக்கவும் வேண்டாம். அலுவலகம் எல்லாக் குடும்பங்களையும் கூப்பிட்டது, நானும் அப்பாவும் போவதென்று முடிவெடுத்தோம், உன் முட்டு இல்லாவிட்டாலும் நாங்கள் வந்திருப்போம், கேட்டவர்களுக்கெல்லாம் உன் வருத்தத்தைக் காரணமாகச் சொன்னேன், இனிச் சொல்லமாட்டேன். இவ்வளவு போதும். அவள் உடனே நம்பமாட்டாள். அடுத்த தடவை மாமியோ வேறு யாரோ கேட்கும்போது நீங்கள் என்ன பதில் சொல்கிறீர்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள்; அந்தப் பதிலைக் கேட்டுத்தான் நம்புவாள். இரவில் முட்டு வந்தால் யாரை எழுப்புவது என்பதையும் அவளோடு சேர்ந்து தீர்மானியுங்கள். பம் தலையணைக்குள் இருக்கவேண்டியதில்லை, எல்லோரும் அறிந்த ஓர் இடத்தில் இருக்கட்டும்.

அவளும் ஓர் ஊரை இழந்தவள் என்பதை மறந்துவிடாதீர்கள். நீங்கள் ஊழியத்தலத்தை இழந்தீர்கள். அவள் தவழ்ந்த முற்றத்தையும் கூட விளையாடிய பிள்ளைகளையும் ஒரு விடியற்காலையில் நித்திரை கலையாமல் இழந்தாள். அங்கே ஒரு தடவை போய்வர விருப்பமா என்று கேட்டுப் பாருங்கள். மாங்குளம் வரை யாழ்ப்பாணத்திலிருந்து நேரடி பஸ் இருக்கிறது. இத்தனை வருடமும் உங்களைத் தடுத்தது தூரம் அல்ல. அவள் வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள், நீங்கள் மட்டும் போய் அந்த அக்காவைக் காணுங்கள். ஊழியத்தைப் பற்றியோ அலுவலகத்தைப் பற்றியோ அவரிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். பிள்ளையைக் காப்பாற்றித் தந்ததற்கு நன்றியும், சொல்லாமல் போனதற்கு மன்னிப்பும் அவருக்கு நீங்கள் வைத்திருக்கும் கடன்.

மாமியின் கேள்வி மிச்சம் இருக்கிறது. அவருக்கு நீண்ட பதில் தேவையில்லை. “நானும் உங்கட மகனும் யோசிச்சு முடிவெடுத்து வந்தனாங்கள், மாமி” என்று சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். அதற்கு மேலும் அவர் ஏசலாம், சில காலத்துக்கு ஏசத்தான் செய்வார். ஆனால் அவர் பேச்சுக்கு இடையில் பேத்தியின் வருத்தத்தை எடுத்தால், அவ்விடத்தில் மட்டும், மரியாதை குறையாமல், பேச்சை நிறுத்தச் சொல்லுங்கள். அதை மகள் காதில் விழும்படி சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆலோசகர்